திருமதி கெட்டரரின் கணக்கு

பெயரில் மான், நெற்றியில் சிங்கம்,
நிறை ஏழரை தொன்.
ஏழரை என்றதும் உங்களுக்கு வருகிற நினைப்பு
எனக்கும் வந்ததுண்டு,
ஃபுர்ட்வாங்கனில், டிசம்பர் இருட்டில்,
அதிகாலை நாலேகாலுக்கு.

சைபருக்குக் கீழே பதினான்கு.
சாவியைத் திருப்பினால்
தொண்டைக்குள் ஆணிகள் உருளும்.
பிறகு வெள்ளைப் புகை.
பிறகு தெரு முழுக்கக் கேட்க ஓர் இருமல்,
நிற்காத இருமல்.
பின்பெட்டியில் டிட்டிசே ஹோட்டல்களுக்கான விரிப்புகள்
இஸ்திரிச் சூடெல்லாம் ஆறிப்போய்
பலகை போல.

ஊசி அசையாது.
கண்ணாடியின் உட்புறமும் உறைந்திருக்கும்;
காலாவதியான காப்புறுதி அட்டையால்
சுரண்டிக்கொண்டே காத்திருப்பேன்.
எதிர்வீட்டு இரண்டாம் மாடியில்
விளக்கு எரியும்.

ஒருநாள் வைப்பரில் ஒரு கடிதம்,
பனி நனைக்காதபடி பிளாஸ்டிக் உறைக்குள்.
நிறுத்திய வாகனத்தில் எஞ்சினை வீணே ஓடவிடுவது
சட்டப்படி குற்றம் என்று இரண்டு வரி.
கீழே அடிமட்டம் வைத்துக் கோடிழுத்த பட்டியல்:
டிசம்பர் 2, பதினேழு நிமிடம்.
டிசம்பர் 3, பதினெட்டு.
டிசம்பர் 4, பதினாறரை.
அரை நிமிடத்தைக்கூட மன்னிக்காத மனுஷி.
கையெழுத்து: ஹெட்விக் கெட்டரர்.

எரிச்சலோடு மூன்று முறை வாசித்தேன்.
மூன்றாம் முறை அது
ஆஸ்பத்திரிக் கட்டிலின் கால்மாட்டில் தொங்குகிற
காய்ச்சல் அட்டை மாதிரி இருந்தது.

ஸ்வாவோமிர் சொன்னான்:
ரேடியேற்றருக்கு முன்னால் மட்டை வை.
பாதிதான். முழுக்க மூடாதே.
ஏற்றம் வந்தால் கழற்று,
மறந்தால் அழுவாய்.
சலவைத்தூள் பெட்டி ஒன்றை அளந்து வெட்டினேன்.

பிறகு தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் பார்த்தோம்.
வாயைத் திறந்தபடியே செத்திருந்தது.
எத்தனை குளிர்காலமாய்
வாசல் கதவை அகலத் திறந்துபோட்டு
வீட்டைச் சூடாக்கிக்கொண்டிருந்தோமோ.
புதியது முப்பத்தொரு யூரோ;
முதலாளி டோல்ட் அந்தப் பில்லை
கள்ளநோட்டுப் போல வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

கடைசியாக எஞ்சினின் வயிற்றில் ஒரு சூடாக்கி.
நிலவறையிலிருந்து செம்மஞ்சள் வயர்,
நான் தூங்கும்போது
இரண்டு மணிக்கு விழிக்கிற டைமர்.

எது எவ்வளவு உதவியது என்று
நான் குறித்துவைக்கவில்லை.
ஜனவரி கடைசியில் இரண்டாவது கடிதம் வந்தது,
அதே உறை, அதே அடிமட்டம்:
பதின்மூன்று. பதின்மூன்று. எட்டு.
எட்டேகால். மூன்று. இரண்டரை.
ஜனவரி 19: லொறி கிளம்பவில்லை.
பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி.
அன்று எனக்குத்தான் காய்ச்சல்.

இப்போதெல்லாம் காத்திருப்பதில்லை.
சாவி, முப்பது எண்ணு, நகர்.
நின்றுகொண்டு சூடாவதைவிட
நடந்துகொண்டு சூடாவது சுருக்கு.
எஞ்சினைக் கதறவிடாமல், மெல்ல.
கால்மாட்டு ஹீட்டரையும் அணைத்துவிடுவேன்,
எனக்கு வரவேண்டிய சூட்டையும்
முதலில் அதுவே குடிக்கட்டும் என்று.
இரண்டு சோடிக் கையுறை,
தொடைக்குக் கீழே ஒரு ஹோட்டல் துவாய்
(டோல்டிடம் சொல்லவேண்டாம்).

இன்று முப்பது எண்ணி நிமிர்ந்தேன்.
இரண்டாம் மாடி இருட்டு.
நகரவில்லை நான்.
அறுபது எண்ணினேன். நூறு எண்ணினேன்.
எஞ்சினை ஒருதரம் உறுமவும் விட்டேன்,
தேவையே இல்லாமல்.
நான்காவது நிமிடம் விளக்கு வந்தது,
திரைச்சேலைக்குப் பின்னால்
நிதானமாக ஒரு நிழல்
கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டது.

எழுதிக்கொள்ளட்டும்.

மரஆலையைத் தாண்டும்போது ஊசி
முதல் கோட்டைவிட்டு எழுந்தது.
நொய்கிர்ச் ஏற்றத்துக்கு முன்னால் நிறுத்தி
மட்டையைக் கழற்றினேன்.
ஒரு பக்கம் பனி, மறு பக்கம் இளஞ்சூடு.
சலவைத்தூள் மணத்தது.